ஒழுங்கில்லாத வடிவத்துக்குள் டிசைனை கிளிப் செய்வது: கைக்குழி ஓரத்தில் வெள்ளைக் கோடு, அடைபட்ட கீஹோல்

நொய்யல்_நிரல் (திருப்பூர்)

வணக்கம்ங்க. துணிக்குப் பிரிண்ட் அடிக்கும் ஒரு யூனிட்டுக்காக முன்னோட்டம் காட்டும் மென்பொருள் எழுதுகிறேன். டிசைனர் ஒரு ஆல் ஓவர் பிரிண்ட் படம் கொடுப்பார். பேட்டர்ன் மாஸ்டரிடமிருந்து ஃப்ரண்ட், பேக், ஸ்லீவ் எல்லாம் தனித்தனித் துணித் துண்டாக (பீஸ்), டிஎக்ஸ்எஃப் என்ற கோட்டு வரைபடக் கோப்பாக வரும். டிசைன் அந்தந்த பீஸின் வடிவத்துக்குள் மட்டும் தெரிய வேண்டும், வெளியே ஒரு புள்ளிகூடச் சிந்தக் கூடாது, அதாவது வடிவத்துக்குள் கிளிப் ஆக வேண்டும். பையர் இதைப் பார்த்து ஓகே சொன்ன பிறகுதான் சாம்பிளே அடிப்பார்கள்.

பழைய மென்பொருள் சி ஷார்ப், விண்டோஸ் ஃபார்ம்ஸ். பாதையை செட்கிளிப்புக்குக் கொடுத்து, அதன் மேல் படத்தை வரைந்திருக்கிறார்கள். கைக்குழி வளைவு பல்லு பல்லாகத் தெரிகிறது. ஸ்மூத்திங் மோடை ஆன்டிஅலியாஸ் (ஓரப் பிக்சலைப் பாதி நிறமாக்கி வழுவழுப்பாக்குவது) என்று வைத்தும் ஒரு மாற்றமும் இல்லை.

இப்போது அதையே பிரவுசரில், கேன்வாஸ் என்ற வரைபரப்பில் எழுதுகிறேன். வளைவு வழுவழுப்பாகிவிட்டது. ஆனால் லேடீஸ் டாப்பில் கழுத்துக்குக் கீழே வரும் கீஹோல் துளை அடைபட்டு, அதன் மேலும் பிரிண்ட் வருகிறது. பழைய மென்பொருளில் அதே கோப்புக்குத் துளை சரியாகத் தெரிந்தது. கறுப்புப் பின்னணியில் நேவி ப்ளூ டிசைன் போட்டால் பீஸைச் சுற்றி மெல்லிய வெளிர் கோடு ஓடுகிறது. ஸ்லீவையும் ஃப்ரண்டையும் ஒட்டி வரைந்தால் நடுவில் மயிரிழை போல ஓர் இடைவெளி தெரிகிறது. இந்த மூன்றும் ஏன் வருகின்றன என்று தெரிந்தால் உதவியாக இருக்கும்.

தறி_நாடா (சென்னிமலை)

பழைய மென்பொருள் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். ஸ்மூத்திங் மோட் என்பது வரைகிற கோட்டுக்கும் நிரப்புகிற பரப்புக்கும் மட்டும்தான். விண்டோஸ் ஃபார்ம்ஸ் வரையப் பயன்படுத்தும் ஜிடிஐ பிளஸ்ஸில் கிளிப் பகுதிக்கு அது பொருந்தாது. அங்கே ஒரு பிக்சல் உள்ளே இருக்கும், இல்லாவிட்டால் வெளியே இருக்கும், பாதி என்ற பேச்சே கிடையாது. அந்த மென்பொருளை இன்னும் கொஞ்ச நாள் ஓட்ட வேண்டியிருந்தால் கிளிப்பை எடுத்துவிடுங்கள். டிசைன் படத்தை டெக்ஸ்சர் பிரஷ்ஷாக (நிறத்துக்குப் பதில் படத்தால் நிரப்புவது) மாற்றி, அதே பாதையை ஃபில்பாத் கொண்டு நிரப்புங்கள். நிரப்புவதற்கு ஆன்டிஅலியாஸ் வேலை செய்யும். ஜாவா ஸ்விங்கிலும் இதே நிலைதான், அங்கே டெக்ஸ்சர் பெயிண்ட்.

மற்ற மூன்றுக்கும் உங்கள் வரிசை தெரிய வேண்டும். ஒரு பீஸுக்கு என்னென்ன, எந்த வரிசையில் வரைகிறீர்கள்?

நொய்யல்_நிரல்

சேவ், பிகின்பாத், வெளி விளிம்பின் புள்ளிகள், க்ளோஸ்பாத், துளையின் புள்ளிகள், க்ளோஸ்பாத், கிளிப். அப்புறம் துணியின் நிறமாக வெள்ளையை முழுச் செவ்வகமாக நிரப்புகிறேன். அதன் மேல் டிசைன் படம். அதன் மேல் மடிப்பு நிழலுக்காக ஒரு மெல்லிய படம். கடைசியில் ரீஸ்டோர். அடுத்த பீஸுக்கும் இப்படியே.

இரவு_கம்பைலர் (கோவை)

கீஹோல் அடைபட்டதற்குக் காரணம் நிரப்பு விதி, அதாவது பாதைக்கு எது உள்ளே, எது வெளியே என்று முடிவுசெய்யும் விதி. ஜிடிஐ பிளஸ்ஸில் கிராஃபிக்ஸ்பாத் உருவாக்கினால் அது தானாக எடுத்துக்கொள்ளும் விதி ஆல்டர்நேட், அதாவது ஈவன்ஆட். கேன்வாஸ் தானாக எடுத்துக்கொள்வது நான்ஜீரோ. அதனால்தான் ஒரே கோப்பு, ஒரே புள்ளிகள், இரண்டு இடத்தில் இரண்டு விடை.

துளையின் நடுவில் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து வலப்பக்கம் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். முதலில் துளையின் ஓரத்தைக் கடக்கும், அப்புறம் பீஸின் வெளி ஓரத்தைக் கடக்கும். இரண்டு கடப்பு. ஈவன்ஆட் விதி எண்ணிக்கையை மட்டும் பார்க்கும்: இரட்டைப்படை என்றால் வெளியே. எனவே துளை துளையாகவே இருக்கும். நான்ஜீரோ விதி திசையையும் பார்க்கும். கடக்கிற விளிம்பு மேல்நோக்கிப் போனால் ஒன்று கூட்டும், கீழ்நோக்கி வந்தால் ஒன்று கழிக்கும். உங்கள் கோப்பில் வெளி விளிம்பும் துளையும் ஒரே சுற்றில் எழுதப்பட்டிருக்கின்றன. அதனால் கூட்டுத்தொகை 2 அல்லது கழித்தல் 2. பூஜ்யம் இல்லை என்றால் உள்ளே என்று அர்த்தம், பிரிண்ட் வந்துவிடுகிறது. துளை எதிர்ச்சுற்றில் இருந்திருந்தால் ஒன்றும் கழித்தல் ஒன்றும் சேர்ந்து பூஜ்யமாகியிருக்கும்.

உடனடித் தீர்வு, கிளிப்பைக் கூப்பிடும்போது ஈவன்ஆட் என்று எழுதிக் கொடுப்பது. ஆனால் நான் அதோடு நிற்க மாட்டேன். ஃப்ரண்ட் பீஸின் மேல் பாக்கெட்டையும் அதே பாதையில் சேர்த்துவிட்டால் ஈவன்ஆட் விதி பாக்கெட் இருக்கும் இடத்தைத் துளையாக்கிவிடும். பின்னலாடையிலும் பாக்கெட் வைத்த டிசைன்கள் உண்டு. அதனால் கோப்பைப் படிக்கும்போதே ஒவ்வொரு வளையத்தின் சுற்றையும் கண்டுபிடித்து, வெளி விளிம்பு ஒரு திசை, துளை எதிர்த் திசை என்று திருத்திவிட்டு நான்ஜீரோவிலேயே இருங்கள்.

சுற்றைக் கண்டுபிடிக்கப் பரப்பளவுச் சூத்திரமே போதும். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளை எடுத்து, முதல் எக்ஸ் பெருக்கல் இரண்டாம் ஒய், அதிலிருந்து இரண்டாம் எக்ஸ் பெருக்கல் முதல் ஒய்யைக் கழியுங்கள். எல்லாவற்றையும் கூட்டிப் பாதியாக்கினால் பரப்பளவு. அதன் குறி கூட்டலா கழித்தலா என்பதுதான் சுற்றின் திசை. இங்கே ஒன்று கவனம்: டிஎக்ஸ்எஃப்பில் ஒய் மேல்நோக்கி வளரும், கேன்வாஸில் கீழ்நோக்கி. புரட்டிப் போட்டால் குறியும் புரளும். புரட்டுவதற்கு முன்பா, பின்பா என்று ஒரு இடத்தை முடிவுசெய்து அங்கே மட்டும் கணக்கிடுங்கள்.

குளக்கரை_வரைபடம் (கோவை)

இந்தச் சுற்றுத் திசை எங்கள் வேலையிலும் தொல்லைதான். நொய்யல் வடிநிலத்தின் எல்லைக்குள் மட்டும் மழையளவு நிறங்களைக் காட்டும் வரைபடம் செய்கிறோம். வெள்ளியங்கிரி அடிவாரத்திலிருந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் இடம் வரை நீளும் கோணல்மாணல் வடிவம், நடுவில் குளங்களைத் துளையாக விட வேண்டும். ஷேப்ஃபைல் என்ற வரைபடக் கோப்பில் வெளி வளையம் கடிகாரச் சுற்று, துளை எதிர்ச்சுற்று. ஜியோஜேசன் என்ற இன்னொரு வகைக் கோப்புக்கு 2016இல் வந்த ஆர்எஃப்சி 7946 விதிமுறை அதற்கு நேர் எதிராகச் சொல்கிறது. இரண்டிலும் துளை எதிர்த் திசையில்தான் இருக்கிறது என்பதால் நான்ஜீரோவுக்குப் பிரச்சினை வராது. ஆனால் திசையை வைத்து எது துளை என்று அடையாளம் காணும் நிரல் இருந்தால், கோப்பு எந்த வகை என்று தெரியாமல் ஓட்டினால் குளம் நிலமாகவும் நிலம் குளமாகவும் மாறிவிடும்.

தறி_நாடா

வெளிர் கோட்டுக்கு வருகிறேன். நீங்கள் சொன்ன வரிசையிலேயே விடை இருக்கிறது. ஓரத்தில் உள்ள ஒரு பிக்சலை எடுத்துக்கொள்வோம், பீஸின் விளிம்பு அதைச் சரியாகப் பாதியாக வெட்டுகிறது. பின்னணி கறுப்பு, மதிப்பு 0.

முதலில் வெள்ளையை நிரப்புகிறீர்கள். கிளிப் அந்தப் பிக்சலில் பாதிதான் விடும். 255இல் பாதி, சுமார் 128. அடுத்து நேவி டிசைன். கணக்கு எளிதாக இருக்க அதையும் 0 என்றே வைத்துக்கொள்வோம். கிளிப் இதையும் பாதிதான் விடும். ஏற்கெனவே இருந்த 128இல் பாதி தங்கிவிடும்: 64. உள்ளே பக்கத்துப் பிக்சல் 0, வெளியே பக்கத்துப் பிக்சல் 0, நடுவில் மட்டும் 64. அந்தச் சாம்பல்தான் உங்கள் கோடு. மூன்றாவதாக நிழல் படத்தை வரையும்போதும் அந்தப் பிக்சலுக்குப் பாதி நிழல்தான் கிடைக்கும், கோடு போகாது.

கிளிப்புக்குள் எத்தனை படலம் வரைகிறோமோ, அத்தனை தடவை ஓரம் தனித்தனியாகக் கலக்கப்படுகிறது. முழுவதையும் கிளிப்பே இல்லாமல் தனி கேன்வாஸில் வரைந்து முடியுங்கள்: வெள்ளை, டிசைன், நிழல் எல்லாம். அப்புறம் குளோபல் காம்போசிட் ஆபரேஷனை (புதிதாக வரைவது பழையதோடு கலக்கும் விதம்) டெஸ்டினேஷன்-இன் என்று வைத்து, பீஸின் பாதையை ஒரே ஒரு தடவை நிரப்புங்கள். பாதைக்கு வெளியே உள்ளதெல்லாம் அழிந்துவிடும், ஓரம் ஒரே தடவைதான் பாதியாகும். முடிந்த படத்தை முதன்மைக் கேன்வாஸில் ஒட்டுங்கள். இதே பிக்சலில் இப்போது 0தான் வரும்.

டெஸ்டினேஷன்-இன் என்பது 1984இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் சிக்ராஃப் வரைகலை மாநாட்டுக்கு எழுதிய படக்கலப்புக் கட்டுரையிலிருந்து வந்தது. லூகாஸ்ஃபிலிமில் இருந்தபோது எழுதியது. பன்னிரண்டு வகைக் கலப்பை அதில் வகுத்தார்கள். இன்றும் பல வரைகலை நூலகங்களில் அந்தப் பெயர்கள்தான்.

பீளமேடு_மாணவன்

அண்ணா, நானும் கேன்வாஸில் பழகிக்கொண்டிருக்கிறேன். எனக்கு முதல் வடிவம் வருகிறது, இரண்டாவது முழுவதும் வெற்றாக இருக்கிறது. இன்னொரு சந்தேகம்: எங்களுக்குப் பாடத்தில் சதர்லண்ட் ஹாட்ஜ்மன் முறை இருக்கிறது. அதை வைத்து கிளிப் செய்யக் கூடாதா?

இரவு_கம்பைலர்

தம்பி, முதல் கேள்விக்கு: கேன்வாஸில் கிளிப் மேல் கிளிப் போட்டால் இரண்டுக்கும் பொதுவான இடம் மட்டும்தான் மிஞ்சும். கிளிப்பைப் பெரிதாக்கவோ வேறொன்றாக மாற்றவோ வழி இல்லை. பொதுவான இடமே இல்லாத இரண்டு வடிவம் என்றால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. கிளிப்புக்கு முன் சேவ், வேலை முடிந்ததும் ரீஸ்டோர். ஒவ்வொரு வடிவத்துக்கும் பிகின்பாத் விட்டுப்போகக் கூடாது, விட்டுப்போனால் பழைய பாதையும் சேர்ந்து வரும்.

இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. இவான் சதர்லண்டும் கேரி ஹாட்ஜ்மனும் 1974இல் வெளியிட்ட முறை அது. வெட்டப்படும் பலகோணத்தை, வெட்டும் வடிவத்தின் ஒவ்வொரு பக்கமாக எடுத்து, அந்தப் பக்கத்துக்கு வெளியே உள்ளதைக் கழித்துக்கொண்டே போகும். வெட்டும் வடிவம் செவ்வகமாகவோ குழிவே இல்லாத வடிவமாகவோ இருந்தால் அருமையாக வேலை செய்யும். ஒரு டீசர்ட் ஃப்ரண்ட் பீஸை எடுத்துப் பார். இரண்டு கைக்குழியும் கழுத்தும் உள்நோக்கிக் குழிந்தவை. கைக்குழியில் ஒரு பக்கத்தை இரண்டு புறமும் நீட்டினால் அந்தக் கோடு பீஸின் நடுவிலேயே ஓடும். அதற்கு வெளியே என்று கழித்தால் பீஸில் பாதி போய்விடும்.

வெட்டப்படுகிற வடிவம் குழிவாக இருந்தாலும் ஒரு தொல்லை உண்டு. விடை இரண்டு தனித் துண்டாக வர வேண்டிய இடத்தில், இந்த முறை இரண்டையும் ஒரு ஒட்டுக்கோட்டால் இணைத்து ஒரே பலகோணமாகக் கொடுக்கும். நிரப்பிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது, வெளிக்கோடு வரைந்தால் தெரிந்துவிடும். கட்டர் மெஷினுக்கு அனுப்பினால் கத்தி அந்தக் கோட்டிலும் போகும்.

குழிவும் துளையும் உள்ள எந்த வடிவத்துக்கும் வேண்டுமென்றால் வேறு முறைகள் உண்டு: வைலர் ஆதர்ட்டன், 1977. வாட்டி, 1992. கிரைனர் ஹார்மன், 1998. இதில் வாட்டியின் முறையைத்தான் ஆங்கஸ் ஜான்சனின் கிளிப்பர் நூலகம் அடிப்படையாகக் கொண்டது. நீங்களே எழுத வேண்டாம். இரண்டு விளிம்பு ஒன்றன் மேல் ஒன்று படுவது, ஒரு முனை சரியாக இன்னொரு விளிம்பின் மேல் உட்காருவது, இந்த மாதிரி இடங்களில் சொந்த நிரல் சரியும். பேட்டர்ன் கோப்பில் அப்படிப்பட்ட இடங்கள் நிறைய.

நொய்யல்_நிரல்

டெஸ்டினேஷன்-இன் வைத்துப் பார்த்தேன். வெளிர் கோடு சுத்தமாகப் போய்விட்டது. சுற்றைத் திருத்தியதும் கீஹோலும் திறந்துவிட்டது. ஸ்லீவுக்கும் ஃப்ரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மட்டும் இன்னும் இருக்கிறது. இரண்டின் விளிம்பும் ஒரே புள்ளிகள்தான், தள்ளி இல்லை.

தறி_நாடா

புள்ளிகள் ஒன்றாக இருந்தாலும் இடைவெளி வரும். விளிம்பு ஒரு பிக்சலைப் பாதியாக வெட்டினால் ஃப்ரண்ட் அதில் பாதியை மூடும், மீதி பாதி பின்னணி. அடுத்து வரும் ஸ்லீவும் பாதியை மூட வேண்டும். ஆனால் கலப்புக் கணக்குக்கு எந்தப் பாதி என்று தெரியாது, ஏற்கெனவே இருப்பதில் பாதியை எடுத்துவிட்டுத் தன் பாதியை வைக்கும். கடைசியில் முக்கால் பங்கு துணி, கால் பங்கு பின்னணி. அந்தக் கால் பங்குதான் மயிரிழை.

ஒட்டி நிற்கும் பீஸ்களை எல்லாம் டிரான்ஸ்பரன்ட்டான வெற்று கேன்வாஸில் லைட்டர் என்ற கலப்பில் வையுங்கள். அது அப்படியே கூட்டும், பாதியும் பாதியும் ஒன்றாகிவிடும். ஆனால் பீஸ்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாத இடத்தில் மட்டும்தான் இது சரி, ஏறினால் நிறம் வெளுத்துவிடும். பாக்கெட், பிளாக்கெட் (பட்டன் பட்டி) எல்லாம் இதற்குப் பின் சாதாரணக் கலப்பில் வர வேண்டும். இன்னொரு வழி, கீழே வரும் பீஸை ஸ்லீவுக்கு அடியில் ஒரு பிக்சல் நீட்டி வரைவது. தைத்த துணியிலும் ஒன்றின் ஓரம் இன்னொன்றுக்கு அடியில்தானே போகிறது. எனக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடிக்கும்.

கட்டிங்_டேபிள் (திருப்பூர்)

நான் நிரல் எழுதுகிறவன் இல்லைங்க, கட்டிங் பிரிவு. நண்பர் இந்த இழையை அனுப்பினார், படித்தேன். எனக்கு ஒன்று கேட்க வேண்டும். திரையில் காட்டுவதற்காக வெட்டிய இந்தப் படத்தையே பிரிண்டுக்கும் அனுப்புவீர்களா? அப்படியென்றால் நின்று யோசியுங்கள்.

பனியன் துணி டேபிளில் விரித்து ஓய்வு கொடுத்த பிறகும் கொஞ்சம் இழுபடும். பிரிண்ட் முடிந்து ஸ்டீம், வாஷ் போய் வந்தால் அளவு மாறும். பிரிண்ட் சரியாகக் கட்டிங் கோட்டில் நின்றால், கத்தி ஒரு நூல் தள்ளிப் போனாலே கைக்குழியில் வெள்ளைத் துணி எட்டிப் பார்க்கும். அந்த பீஸ் ரிஜெக்ட். கட்டிங் கோட்டுக்கு வெளியேயும் பிரிண்ட் ஓட வேண்டும். எவ்வளவு என்பது துணியைப் பொறுத்தது. ஜெர்சிக்கு ஒன்று, லைக்ரா கலந்ததற்கு ஒன்று. அதை மாஸ்டர் சொல்ல வேண்டும், கம்ப்யூட்டர் சொல்லக் கூடாது.

இன்னொன்று. பையருக்குத் தைத்த பிறகு எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன் என்கிறீர்கள். கட்டிங் கோடு வரை பிரிண்டைக் காட்டினால் அது பொய்க் கணக்கு. தையலில் உள்ளே போகிற ஓரமும் ஓவர்லாக் கத்தி சீவிவிடுகிற ஓரமும் தைத்த சட்டையில் தெரியாது. தோள்பட்டை ஓரத்தில் ஒரு பூ பாதி தெரிகிறது என்று படத்தில் காட்டி ஓகே வாங்கிவிட்டு, தைத்தபின் அந்தப் பூவே காணோம் என்றால் பையர் யாரைக் கேட்பார்?

இரவு_கம்பைலர்

அண்ணா சொன்னதுதான் இந்த இழையில் முதலில் வந்திருக்க வேண்டிய கேள்வி. எப்படி கிளிப் செய்வது என்று இவ்வளவு பேசினோம், எந்தக் கோட்டில் கிளிப் செய்வது என்று யாரும் கேட்கவில்லை.

பேட்டர்ன் கோப்புகளுக்கான ஏஎஸ்டிஎம் டி6673 தர முறையில் எழுதிய டிஎக்ஸ்எஃப் என்றால் விடை கோப்பிலேயே இருக்கிறது. லேயர் 1 பீஸின் வெளி எல்லை, அதாவது கட்டிங் கோடு. லேயர் 14 தையல் கோடு. லேயர் 11 உள்ளே வெட்டி எடுக்கும் துளை, உங்கள் கீஹோல் அங்கே இருக்க வேண்டும். லேயர் 7 கிரெய்ன் லைன், துணியின் நூலோட்டத் திசை. லேயர் 6 கண்ணாடிக் கோடு. ஃபோல்டில் வெட்டும் பீஸ் என்றால் கோப்பில் பாதி விளிம்புதான் இருக்கும், கண்ணாடிக் கோட்டின் மறுபக்கம் புரட்டி நீங்கள்தான் முழுமையாக்க வேண்டும். புரட்டிய பாதியின் புள்ளிகளைப் பின்னிருந்து முன்னாகச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பு நடுவில் குறுக்கே வெட்டிக்கொள்ளும்.

தைத்த தோற்றத்துக்கு லேயர் 14இல் கிளிப். பிரிண்டுக்கு லேயர் 1ஐ வெளிப்பக்கம் விரித்து, அந்த விரித்த வடிவத்தில் கிளிப். விரிப்பது என்றால் படத்தை 102 சதவீதம் பெரிதாக்குவது இல்லை. பெரிதாக்கினால் கைக்குழி இடம் மாறும், குழிந்த இடத்தில் கோடு உள்ளே போய்விடும். விளிம்பின் ஒவ்வொரு இடத்திலிருந்தும் சம தூரம் வெளியே தள்ள வேண்டும். கிளிப்பரில் இதற்கு ஆஃப்செட் வசதி உண்டு. கூர்முனையில் மைட்டர் (இரு பக்கமும் சந்திக்கும் வரை நீட்டுவது) வைத்தால் தோள் முனையில் முள் போல நீண்டு போகும், அதற்கு வரம்பு வையுங்கள் அல்லது வட்ட முனை வையுங்கள். கிளிப்பர் முழு எண்களில் கணக்குப் போடுவது. மில்லிமீட்டரை ஆயிரத்தால் பெருக்கி மைக்ரானாகக் கொடுத்தால் துணி வேலைக்கு அது தாராளம். வளைவுகளை முதலில் சிறு நேர்கோடுகளாக உடைக்க வேண்டும், அது மட்டும் உங்கள் பொறுப்பு.

கீஹோலுக்கு விரிப்பு எதிர்த் திசை: துளை சுருங்க வேண்டும். அப்போதுதான் துளையின் ஓரத்துக்கும் உள்பக்கம் பிரிண்ட் கிடைக்கும். சுற்றைச் சரியாக வைத்திருந்தால் நூலகமே பார்த்துக்கொள்ளும்.

நொய்யல்_நிரல்

கட்டிங்_டேபிள் அண்ணாவுக்கு மிக்க நன்றிங்க. கோப்பைத் திறந்து பார்த்தேன், லேயர் 14 இருக்கிறது. நாங்கள் இதுவரை அதைத் தொட்டதே இல்லை. முன்னோட்டத்தை அதற்கு மாற்றுகிறேன். விரிப்பு அளவை மாஸ்டர் துணி வாரியாக நிரப்ப ஒரு கட்டம் வைத்துவிடுகிறேன்.

பிரிண்டுக்கு அனுப்பும் கோப்பில் டெஸ்டினேஷன்-இன் முறையே போதுமா?

தறி_நாடா

போதாது. நினைவகம் தாங்காது. 60 செ.மீ. அகலம், 75 செ.மீ. உயரமுள்ள ஒரு பீஸை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) எடுத்தால் 7087க்கு 8858 பிக்சல். பிக்சலுக்கு 4 பைட் என்றால் ஒரு படலத்துக்கே சுமார் 250 எம்பி. இரண்டு படலம், நான்கு பீஸ் என்று போனால் பிரவுசர் விழுந்துவிடும்.

பிரிண்டுக்கு பிடிஎஃப் கொடுங்கள். பிடிஎஃப்பில் கிளிப் பாதை கோடாகவே போகிறது: டபிள்யூ என்ற கட்டளை நான்ஜீரோ, டபிள்யூ நட்சத்திரம் ஈவன்ஆட். இந்த இரண்டும் போஸ்ட்ஸ்கிரிப்டில் இருந்த கிளிப், இஓகிளிப் கட்டளைகளின் வாரிசுகள். டிசைன் படம் அதன் அளவிலேயே உள்ளே இருக்கும். எந்தத் தெளிவில் வெட்டுவது என்பதை கோப்பைப் பிரிண்டர் புள்ளிகளாக மாற்றும் ரிப் மென்பொருள் பார்த்துக்கொள்ளும். பிரிண்ட் கோப்பில் மடிப்பு நிழல் வேண்டாம், துணி வெள்ளையும் வேண்டாம், ஒரே படலம்தான். அதனால் முன்பு பார்த்த வெளிர் கோடும் அங்கே வராது.

ஷேடர்_கவுண்டம்பாளையம்

இத்தனை சுற்றுக்கு ஜிபியுவிலேயே முடித்துவிடலாமே? ஸ்டென்சில் பஃபர் இருக்கிறது, ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு எண்ணைக் குறித்துவைக்கும் இடம். விளிம்பின் ஏதோ ஒரு புள்ளியை மையமாக வைத்து, விளிம்பு முழுக்க விசிறி போல முக்கோணங்கள் வரையுங்கள், குழிவைப் பற்றிக் கவலையே வேண்டாம். நிறம் எழுதாமல் ஸ்டென்சிலில் மட்டும் இன்வர்ட் (0 என்றால் 1, 1 என்றால் 0) செய்யுங்கள். வெளியே இருக்கும் பிக்சல் இரட்டைப்படைத் தடவை மூடப்பட்டுப் பழைய நிலைக்கு வந்துவிடும், உள்ளே இருப்பது ஒற்றைப்படை. அப்புறம் ஸ்டென்சில் ஒன்றாக உள்ள இடத்தில் மட்டும் டிசைன். துளையையும் அதே மாதிரி விசிறியாக வரைந்தால் தானாக வெட்டப்படும். 8 பிட் ஸ்டென்சிலில் முன்முக முக்கோணத்துக்குக் கூட்டு, பின்முகத்துக்குக் கழி என்று வைத்தால் நான்ஜீரோவும் கிடைக்கும். பையர் சட்டையைச் சுழற்றிச் சுழற்றிப் பார்க்கும் முப்பரிமாண முன்னோட்டம் வேண்டுமென்றால் வேகத்துக்கு இது நல்ல வழி.

தறி_நாடா

சுழற்றிப் பார்க்கும் முன்னோட்டத்துக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஸ்டென்சில் மறுபடியும் உள்ளே அல்லது வெளியே என்ற பழைய இடத்துக்கே கொண்டுபோகிறது. எம்எஸ்ஏஏ (ஒரு பிக்சலுக்குப் பல மாதிரிப் புள்ளிகள் எடுப்பது) போட்டால்தான் ஓரம் வழுவழுக்கும், நான்கு மாதிரி என்றால் ஓரத்தில் ஐந்து நிலைதான் கிடைக்கும். கைக்குழியின் நீண்ட வளைவில் அது கண்ணுக்குத் தெரியும். தட்டையான முன்னோட்டத்துக்கு 2டி கேன்வாஸின் தரம் மேல்.

சொல்லப்போனால் உள்ளே வெளியே மட்டும் பார்க்கும் முறை ஒரு காலத்தில் பெரிய சாதனை. 1984இல் வந்த முதல் மேக்கின்டாஷுக்கு 128 கேபி நினைவகம், 512க்கு 342 பிக்சல் கறுப்பு வெள்ளைத் திரை. அதில் பில் அட்கின்சன் அதன் வரைகலை நிரலான குவிக்டிராவில் ரீஜன் என்று ஒன்றைச் செய்தார். எந்த வடிவமானாலும், ஒவ்வொரு வரியிலும் எந்த இடத்தில் உள்ளே நுழைகிறோம், எங்கே வெளியே வருகிறோம் என்ற எண்கள் மட்டும். மேல் வரியிலிருந்து மாற்றம் இல்லாத வரிக்கு ஒன்றும் எழுத வேண்டாம். ஒன்றன் மேல் ஒன்று கிடக்கும் ஜன்னல்களில் தெரிகிற பகுதியில் மட்டும் வரைய முடிந்தது அதனால்தான். இரண்டே நிறம் உள்ள திரையில் பாதிப் பிக்சலுக்கு வேலையே இல்லை. அந்த அளவுக்குள் அதைவிடச் சிறப்பாகச் செய்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

நொய்யல்_நிரல்

இப்போதைக்கு முப்பரிமாணம் வேண்டாம் என்று யூனிட்டில் சொல்லிவிட்டார்கள், தட்டையான முன்னோட்டமே போதுமாம். நிலவரம் இது: படிக்கும்போதே சுற்றுத் திருத்தம், முன்னோட்டம் தையல் கோட்டில், தனி கேன்வாஸில் படலங்கள், கடைசியில் ஒரே தடவை டெஸ்டினேஷன்-இன், பிரிண்டுக்கு விரித்த பாதையுடன் பிடிஎஃப். மாஸ்டர் பார்த்துவிட்டு, தோள் ஓரத்தில் பூ எவ்வளவு உள்ளே போகிறது என்று திரையிலேயே தெரிகிறது என்றார்.

மிச்சம் இரண்டு. கிரெய்ன் லைனுக்கு ஏற்ப டிசைனைச் சாய்க்கும்போது கிளிப்பும் சேர்ந்து சாய்கிறது. அப்புறம், பையர் ஒரு பீஸைத் தொட்டால் அது மட்டும் தேர்வாக வேண்டும். கீஹோலுக்குள் தொட்டாலும் ஃப்ரண்ட் தேர்வாகிவிடுகிறது. அங்கே தொட்டால் பின்னால் தெரியும் பேக் பீஸ்தான் தேர்வாக வேண்டும்.

இரவு_கம்பைலர்

பாதையை பாத்2டி பொருளாக வைத்திருந்தால், கிளிப்பையோ ஃபில்லையோ கூப்பிடும் நொடியில் எந்தச் சாய்வு நடப்பில் இருக்கிறதோ அது பாதைக்கும் பொருந்தும். டிசைனைச் சாய்த்து வரைந்த பிறகு சாய்வை ரீஸ்டோர் செய்து, அப்புறம் பாதையை நிரப்புங்கள். வடிவம் நேராக நிற்கும், டிசைன் மட்டும் சாயும்.

தேர்வுக்கு, நீங்கள் பீஸின் சுற்றுச் செவ்வகத்தையோ வெளி விளிம்பை மட்டுமோ வைத்துச் சோதிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு புள்ளி பாதைக்குள் இருக்கிறதா என்று சொல்லும் இஸ்பாயிண்ட்இன்பாத் அதே பாத்2டியை வாங்கிக்கொள்ளும், துளையும் சேர்ந்த முழுப் பாதையைக் கொடுங்கள். நிரப்பு விதியையும் அதற்குக் கொடுக்கலாம், நீங்கள் சுற்றைத் திருத்திவிட்டதால் தேவையில்லை. மேலே உள்ள பீஸிலிருந்து கீழ்நோக்கி ஒவ்வொன்றாகக் கேட்டு, முதலில் ஆம் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இஸ்பாயிண்ட்இன்பாத்துக்குக் கொடுக்கும் எக்ஸ், ஒய் நடப்புச் சாய்வால் மாறாது, பாதை மட்டும் மாறும். அதனால் அதைக் கேட்கும் இடத்திலும் சாய்வு பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டும்.

நொய்யல்_நிரல்

ஆமாங்க, சுற்றுச் செவ்வகம்தான் இருந்தது. முழுப் பாதையைக் கொடுத்ததும் கீஹோலுக்குள் தொட்டால் பேக் பீஸ் தேர்வாகிறது. சாய்வும் சரியாகிவிட்டது.